விழத் தெரிந்த மனிதர்: யகிமா கனட்டைப் பற்றிப் பேசலாம்

கரிசல்மண் எழுதியது:

நண்பர்களே, வணக்கம். ரொம்ப நாளாக இந்த இழையைத் தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பென்ஹர் படத்தை நான் முதலில் பார்த்தது பள்ளிக்கூட நாட்களில், மாமா வீட்டு டிவியில். அந்த ரதப் போட்டியில் ஒரு இடம் வரும். வழியில் நொறுங்கிக் கிடக்கும் ரதத்தின் மேல் கதாநாயகனின் ரதம் ஏறித் துள்ளும், ஆள் அப்படியே முன்பக்கமாகத் தலைகுப்புறப் போவார், எப்படியோ பிடித்துக்கொண்டு மறுபடி ஏறிவிடுவார். அது சார்ல்டன் ஹெஸ்டன் என்றே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, துள்ளி விழுந்தவர் ஜோ கனட் என்ற டூப். அந்தப் போட்டியை ஆண்ட்ரூ மார்ட்டனோடு சேர்ந்து எடுத்தவர், குதிரைகளையும் ஓட்டிகளையும் தயார்செய்தவர், ஜோவின் அப்பா. அவர்தான் யகிமா கனட்.

உண்மைப் பெயர் ஈனோஸ் எட்வர்ட் கனட். பிறந்தது 1895 நவம்பர் 29, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோல்ஃபாக்ஸ் ஊர்ப்பக்கம். பண்ணைக் குடும்பம், ஸ்நேக் ஆற்றை ஒட்டிய மேட்டு நிலம். 16 வயதில் உள்ளூர்ச் சந்தைத் திருவிழாவில் முரட்டுக் குதிரை ஏறி, ரோடியோ என்கிற கௌபாய் வித்தைப் போட்டிகளுக்குள் வந்துவிட்டார். 1914இல் ஆரெகன் மாநிலத்தின் பெண்டில்டன் ரவுண்ட்-அப் போட்டிக்குப் போனபோது யகிமா என்ற ஊரிலிருந்து வந்த பையன்களோடு சுற்றிக்கொண்டிருந்தார். குதிரை அவரைத் தூக்கி எறிகிற படத்தைப் பத்திரிகையில் போட்டவர்கள் அவரையும் அந்த ஊர்க்காரர் என்று நினைத்து 'யகிமா கனட்' என்று எழுதிவிட்டார்கள். ஆயுள் முழுக்க அந்தப் பெயர்தான். கீழே விழுகிற படம் தந்த பெயர் என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, ஏனென்றால் அப்புறம் 30 வருடம் விழுவதுதான் அவருடைய தொழிலாக இருந்தது.

அதே பெண்டில்டனில் 1917, 1919, 1920, 1923 என்று நான்கு முறை ஒட்டுமொத்த சாம்பியன். இடையில் முதல் உலகப்போர் வந்தது, கடற்படையில் சேர்ந்தார். அந்தச் சமயத்தில் வந்த காய்ச்சல் குரல்வளையைக் கெடுத்துவிட்டது. ஊமைப்படக் காலத்தில் கதாநாயகனாகவே நடித்துக்கொண்டிருந்தவர், பேசும்படம் வந்ததும் அந்தக் குரலால் நாயகன் இடத்தை இழந்தார். சரி, நடிப்பு இல்லையென்றால் விழலாம் என்று டூப் வேலைக்கு முழுதாக வந்துவிட்டார். மிச்சத்தை அடுத்தடுத்து எழுதுகிறேன், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

பொன்வண்டு எழுதியது:

அருமையான தொடக்கம் அண்ணா. ஒரு சந்தேகம். ரோடியோ என்றால் சர்க்கஸ் மாதிரி மாதச் சம்பளமா? குதிரை மேல் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?

வேலிப்படல் எழுதியது:

பொன்வண்டு, சம்பளமே கிடையாது. ரோடியோக்காரன் தன் கைக்காசைக் கட்டித்தான் போட்டியில் இறங்குவான். ஜெயித்தால் பரிசுப்பணம், தோற்றால் கட்டியதும் போச்சு, ரயில் செலவும் போச்சு. எலும்பு முறிந்தால் அதுவும் சொந்தச் செலவு. சேணம் போட்ட முரட்டுக் குதிரைப் போட்டியில் ஒரு கையால் மட்டும் கயிற்றைப் பிடிக்கலாம், மற்றக் கை குதிரையையோ தன்னையோ தொட்டாலே ஆட்டம் முடிந்தது. இப்போது கணக்கு 8 நொடி. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். மதிப்பெண்ணில் பாதி ஓட்டுபவனுக்கு, பாதி குதிரைக்கு. நன்றாகத் துள்ளாத குதிரை வாய்த்தால் ஆள் எவ்வளவு நன்றாக உட்கார்ந்தும் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு போட்டி, குதிரையில் துரத்திக்கொண்டே போய் எருதின் மேல் பாய்ந்து கொம்பைப் பிடித்துத் திருகிச் சாய்ப்பது. அதில் ஒருமுறை கனட்டின் மேல் உதடும் வாயும் கொம்பில் கிழிந்துவிட்டன. தையல் போட்டுக்கொண்டு அன்றைக்கே திரும்பிவந்து போட்டியிட்டார்.

போட்டிகள் கோடையில். குளிர்காலத்தில் என்ன செய்வது? அதற்குத்தான் ஹாலிவுட். சன்செட் சாலையும் கோவர் தெருவும் சந்திக்கும் மூலையில் கௌபாய்கள் தொப்பியும் பூட்ஸுமாக நின்றுகொண்டு அன்றாட வேலைக்குக் காத்திருப்பார்கள். நம்மூரில் கொத்தனார் சித்தாள் காலையில் நாற்சந்தியில் நிற்பார்களே, அதே காட்சிதான். அந்த மூலைக்கு 'கோவர் கல்ச்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

மல்லிகா_வாசிப்பு எழுதியது:

கனட்டைப் பேசும்போது கௌபாய் பட நட்சத்திரம் டாம் மிக்ஸை விட்டுவிடக் கூடாது. 1919இல் லாஸ் ஏஞ்சலிஸ் ரோடியோவில் கனட்டைப் பார்த்துப் படத்துக்குள் இழுத்தவரே அவர்தான். குதிரையோட்டம், திரை, சர்க்கஸ் மூன்றையும் ஒரே ஆளில் பார்க்க வேண்டும் என்றால் அவரைத்தான் பார்க்க வேண்டும்.

1880இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். ஒக்லஹோமாவில் மில்லர் சகோதரர்களின் 101 ராஞ்ச் என்ற பெரிய பண்ணை இருந்தது, அவர்களே ஊர் ஊராக 'வைல்டு வெஸ்ட் ஷோ' நடத்தினார்கள். அங்கேதான் மிக்ஸ் குதிரை வித்தை காட்டியவர். 1909இல் செலிக் கம்பெனிப் படங்களுக்கு வந்தார். மொத்தம் 300க்குக் கொஞ்சம் குறைவான படங்கள், அதில் ஒன்பது தவிர எல்லாமே ஊமைப்படம். அவருடைய குதிரை டோனிக்கும் அவருக்குச் சமமான புகழ். ஹாலிவுட்டில் சைனீஸ் தியேட்டர் வாசல் சிமென்டில் 1927இல் மிக்ஸின் கைகால் தடத்துக்குப் பக்கத்தில் டோனியின் லாடத் தடத்தையும் பதித்தார்கள். தன் வாழ்க்கையைப் பற்றி அவர் சொன்ன போர்க்கதைகளில் பல கட்டுக்கதை. ராணுவத்தில் இருந்தார், ஆனால் சண்டையைப் பார்த்ததில்லை, கடைசியில் சொல்லாமல் கிளம்பியும் விட்டார். குதிரை மேல் அவர் செய்ததில் மட்டும் கட்டுக்கதை இல்லை.

பேசும்படம் வந்த நேரத்தில், 1929இலிருந்து 1931 வரை செல்ஸ்-ஃப்ளோட்டோ சர்க்கஸில் சுற்றினார். அப்புறம் கொஞ்சம் பேசும்படங்கள், அதில் அடிபட்டு அலுத்துப்போய் மறுபடி கூடாரம். 1935 வாக்கில் சொந்த சர்க்கஸே வைத்துவிட்டார், 'டாம் மிக்ஸ் சர்க்கஸ்', லாரிகளில் ஊர் ஊராகப் போகும். 1938இல் அது மூடிவிட்டது. 1940 அக்டோபரில் அரிசோனாவில் கார் விபத்தில் இறந்துபோனார். 60 வயது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. கௌபாய் வித்தை என்று நாம் பார்ப்பதில் பாதி, பண்ணையில் பிறந்ததே இல்லை. 1892இல் பஃபலோ பில் என்பவர் தன் வைல்டு வெஸ்ட் ஷோவில் ஜார்ஜியா நாட்டின் குரியா பகுதிக் குதிரைக்காரர்களைச் சேர்த்தார், விளம்பரத்தில் அவர்களை ரஷ்யக் கோசாக் குதிரைவீரர்கள் என்று சொல்லிவிட்டார். ஓடும் குதிரையின் பக்கவாட்டில் தலைகீழாகத் தொங்குவது, சேணத்தில் எழுந்து நிற்பது எல்லாம் அவர்கள் செய்துகாட்டியவை. அமெரிக்கக் கௌபாய்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். இரண்டு குதிரைகளின் முதுகில் குதிரைக்கொரு கால் வைத்து நின்று ஓட்டுவது சர்க்கஸ் வளையத்திலிருந்து வந்தது. பெரிய சர்க்கஸ்களில் முக்கிய ஆட்டம் முடிந்ததும் தனி டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு குட்டி வைல்டு வெஸ்ட் காட்டுவார்கள், கௌபாய்களுக்கு அது நிலையான பிழைப்பு. அதனால் ரோடியோ வேறு, சர்க்கஸ் வேறு, ஸ்டண்ட் வேறு என்று கோடு கிழிக்கவே முடியாது. ஒரே ஆட்கள்தான் பருவத்துக்கு ஒரு வேலையாகப் பார்த்தார்கள்.

கரிசல்மண் எழுதியது:

மல்லிகா அக்கா, அந்த ஜார்ஜியா விஷயம் எனக்குப் புதிது, நன்றி.

இப்போது ஸ்டேஜ்கோச் படத்தில் கனட் செய்த புகழ்பெற்ற காட்சிக்கு வருகிறேன். 1939, ஜான் ஃபோர்டு இயக்கம். காய்ந்துபோன ஏரிப்படுகையில் ஆறு குதிரை பூட்டிய கோச் வண்டி பறக்கிறது. அப்பாச்சே என்ற செவ்விந்திய இனத்தவர் வேடத்தில் கனட் தன் குதிரையிலிருந்து தாவி முன்வரிசைக் குதிரைகளுக்கு மேல் விழுகிறார். குண்டடி. நழுவிக் குதிரைகளுக்கு நடுவே தொங்குகிறார், முதுகு தரையில் இழுபடுகிறது. இன்னொரு குண்டு. கையை விட்டுவிடுகிறார். பின்னாலுள்ள குதிரைகளும் அப்புறம் வண்டியும் அவர் மேலே கடந்து போகின்றன.

இது எப்படிச் சாத்தியம் என்று யோசித்துப் பாருங்கள். இடப்பக்கக் குதிரைகளுக்கும் வலப்பக்கக் குதிரைகளுக்கும் நடுவில் ஒரு ஆள் அகலச் சந்து. சக்கரங்கள் இரண்டு பக்கமும். கைகால் ஒன்று விரிந்தாலும், உடம்பு கொஞ்சம் கோணலாகத் திரும்பினாலும் முடிந்தது. அவர் சொன்ன ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். குதிரைகளை மெதுவாக ஓட்டக் கூடாது, முழு வேகத்தில் விரட்ட வேண்டும், வேகமாக ஓடும் குதிரைதான் நேராக ஓடும், மெதுவாக ஓடுவது அப்படி இப்படி அசையும் என்பார். பார்க்கிற நமக்கு வேகம்தான் பயம், அவருக்கு வேகம்தான் பாதுகாப்பு. இந்த வித்தையை அதற்கு முன்பே சின்னச் சின்னப் படங்களில் செய்து பழகியிருந்தார். அதே ஸ்டேஜ்கோச்சில் நடிகர் ஜான் வெய்னுக்கு டூப்பாக வண்டியிலிருந்து ஒவ்வொரு ஜோடிக் குதிரையாகத் தாவி முன்னே போகிறவரும் இவரே.

1981இல் வந்த ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க் படத்தில் லாரிக்கு அடியில் கதாநாயகன் இழுபட்டுப் போவது இந்தக் காட்சிக்குச் செய்த மரியாதைதான். அங்கே டூப் போட்டவர் டெரி லெனார்டு.

நெய்தல்_தமிழ் எழுதியது:

எல்லாரும் இப்படிக் கொண்டாடுகிறீர்கள், எனக்கு மனசு ஒட்டவில்லை. மனிதன் தெரிந்து, ஒப்புக்கொண்டு விழுகிறான். குதிரை எதற்கு ஒப்புக்கொண்டது?

'ரன்னிங் டபிள்யூ' என்று ஒன்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? குதிரையின் முன்கால்களில் கம்பி கட்டி, வயிற்றுவார் வளையம் வழியாக விட்டு, மறுமுனையைத் தரையில் புதைத்த கட்டையில் கட்டிவிடுவார்கள். குதிரை முழு வேகத்தில் ஓடும், கம்பி தீரும் இடத்தில் முன்கால்கள் வாரிவிடப்பட்டுத் தலைகுப்புற விழும். 1936இல் எடுத்த தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேடு படத்தில் இப்படித்தான் குதிரைகள் செத்தன, கால் முறிந்தவற்றைச் சுட்டார்கள். 1939 ஜெஸ்ஸி ஜேம்ஸ் படத்தில் மலைவிளிம்பிலிருந்து ஏரிக்குள் குதிரையைத் தள்ளினார்கள், அதுவும் செத்தது. கனட்டும் இந்தக் கம்பி வேலையைச் செய்தவர்தானே? அதைச் சொல்லாமல் அவருடைய கதையைச் சொன்னால் பாதிக் கதைதான்.

கரிசல்மண் எழுதியது:

நீங்கள் சொல்வது சரி, நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். செய்தார். ஒருமுறை இரண்டுமுறை அல்ல, நூற்றுக்கணக்கில். தான் செய்ததில் ஒரு குதிரையும் ஊனமாகவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டார். அது அவருடைய வாக்கு, அவ்வளவுதான். மண்ணைக் கொத்தி இளக்கிவிட்டு, கம்பியின் நீளத்தைச் சரியாக அளந்து செய்தால் விபத்து குறையும் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதே கருவியை அவசரத்தில், கட்டாந்தரையில், கணக்கில்லாமல் மற்றவர்கள் பயன்படுத்தினார்கள், செத்தவை குதிரைகள். கைதேர்ந்தவன் செய்தாலும் ஓடுகிற பிராணியின் காலை வாரிவிடுவது கொடுமைதான். இதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

ஜெஸ்ஸி ஜேம்ஸுக்கு எழுந்த எதிர்ப்பால்தான் 1940இலிருந்து அமெரிக்கன் ஹ்யூமேன் என்ற பிராணி நல அமைப்பின் ஆட்கள் படப்பிடிப்புத் தளத்தில் கண்காணிக்கத் தொடங்கினார்கள். பிறகு விழுவதற்கென்றே குதிரைகளைப் பழக்கினார்கள். கடிவாளத்தை ஒரு பக்கமாக இழுத்தால் தோளைச் சாய்த்துப் படுத்துவிடும், விழுகிற இடத்தில் முன்பே தோண்டி மெத்தென்ற மண்ணை நிரப்பியிருப்பார்கள். மாதக்கணக்கில் பழக வேண்டும், அந்தக் குதிரைக்குக் கிராக்கியும் அதிகம்.

வேலிப்படல் எழுதியது:

எருதின் மேல் பாய்வதைப் பற்றி முன்பு எழுதினேன், அதைக் கண்டுபிடித்தவர் பெயரைச் சொல்லாமல் விட்டது தப்பு. பில் பிக்கெட். 1870இல் டெக்சஸில் பிறந்த கறுப்பினக் கௌபாய், 13 பிள்ளைகளில் இரண்டாமவர். புல்டாக் நாய்கள் ஓடிப்போன மாட்டின் உதட்டைக் கவ்வி நிறுத்துவதைப் பார்த்து, தானும் எருதின் கழுத்தை வளைத்து அதன் உதட்டைப் பல்லால் கடித்துச் சாய்த்தவர். கடிப்பது பிற்பாடு போய்விட்டது, கொம்பைத் திருகிச் சாய்ப்பது மட்டும் இன்றைக்கும் ரோடியோவின் முக்கியப் போட்டி.

அவரும் 101 ராஞ்ச் ஷோக்காரர்தான். 1908இல் மெக்சிகோ நகரத்துக் காளைச்சண்டை அரங்கில் பந்தயத்துக்காகச் சண்டைக்காளையின் கொம்பில் நிமிடக்கணக்கில் தொங்கினார், தங்கள் கலையை அவமதிக்கிறான் என்று கூட்டம் அவர் மேல் பாட்டிலும் கல்லும் எறிந்தது. நிறப்பாகுபாட்டால் பல ரோடியோக்களில் அவரைச் சேர்க்கவே மாட்டார்கள், அதனால் சில இடங்களில் செவ்விந்தியர் என்று சொல்லி இறக்குவார்கள். தான் கண்டுபிடித்த போட்டியிலேயே! 1932இல் குதிரை தலையில் உதைத்து இறந்தார். 1971இல்தான் தேசிய ரோடியோ மண்டபத்தில் பெயர் சேர்த்தார்கள், முதல் கறுப்பினத்தவராக. 1994இல் அவருக்குத் தபால்தலை வந்தது, அதில் அச்சடித்தது அவர் படம் இல்லை, தம்பி பென்னின் படம். திரும்ப வாங்கிக்கொண்டு சரியான படத்தோடு மறுபடி அடித்தார்கள். கனட்டுக்குக் கிடைத்த வாசல் பிக்கெட்டுக்குக் கிடைத்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பாரோ.

தென்றல்நகர் எழுதியது:

இவ்வளவு நாள் வாசித்துவிட்டு மட்டும் போய்விடுவேன், இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா சினிமாவில் ஃபைட்டராக இருந்தவர். மாடியிலிருந்து குதிக்கிற காட்சிக்குக் கீழே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போடுவார்கள் என்று சொல்வார். ஒரு படத்தில் பெட்டிகள் போதாமல் இருந்தது, நேரமாகிறது குதி என்றார்கள், குதித்தார். முழங்கால் போய்விட்டது. அன்றைய பேட்டாவைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அதற்கப்புறம் யாரும் வந்து பார்க்கவில்லை. படத்தில் அந்தக் காட்சி வரும்போது தியேட்டரில் விசில் பறந்தது. அம்மா அந்த இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அதனால் எனக்கு ஒரே ஒரு கேள்வி. இந்தக் கனட் மற்ற டூப்புகளுக்காக ஏதாவது செய்தாரா, இல்லை தான் மட்டும் பிழைத்துக்கொண்டாரா?

கரிசல்மண் எழுதியது:

தென்றல்நகர், அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது, அதற்காகத்தான் எனக்கு அவர் மேல் இவ்வளவு மதிப்பு.

குதிரையிலிருந்து விழுகிறவனுக்குப் பெரிய எமன் அங்கவடி, அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கிற வளையம். கால் அதில் மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். கனட் ஒரு பக்கம் திறந்த, எல் வடிவ அங்கவடியைச் செய்தார், விழும்போது கால் தானாகக் கழன்றுவிடும். வண்டி கவிழ்கிற காட்சியில் குதிரைகளைத் தனியே பிரித்துவிட்டு, நினைத்த இடத்தில் வண்டியை மட்டும் கவிழ்க்கிற பொறியையும் செய்தார். சண்டைக் காட்சிகளில் அதுவரை தோளிலும் மார்பிலும் நிஜமாகவே குத்திக்கொண்டிருந்தார்கள். அவரும் ஜான் வெய்னும் சேர்ந்து பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறையில், கேமராவை ஒருவரின் தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டு முஷ்டியை எதிராளியின் முகவாய்க்கு முன்னால் வீசுவார்கள். படாது. பார்க்கிறவனுக்குப் பட்ட மாதிரி இருக்கும். இன்றைக்கு எந்த ஊர்ப் படத்தில் சண்டை பார்த்தாலும் இதுதான்.

அவரும் அடிபடாமல் தப்பவில்லை. 1940இல் பூம் டவுன் படத்தில் கிளார்க் கேபிளுக்கு டூப் போட்டபோது குதிரை மேலே விழுந்து வயிற்றுக்குள் பலத்த காயம். 1943இல் வண்டியிலிருந்து விழுந்து இரண்டு காலும் கணுக்காலில் முறிந்தன. அப்போது வயது 47. அதோடு விழுவதை விட்டுவிட்டு, மற்றவர்கள் எப்படி விழ வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலைக்குப் போனார்.

பென்ஹர் அந்த வேலையின் உச்சம். ரோம் நகரத்துச் சினெசிட்டா ஸ்டுடியோவில் 18 ஏக்கரில் ஓடுகளம். ஒன்பது ரதம், ரதத்துக்கு நான்கு குதிரை. ஓட்டிகளை மாதக்கணக்கில் பழக்கினார், ஹெஸ்டனுக்கும் வில்லனாக நடித்த ஸ்டீபன் பாய்டுக்கும் ரதம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், சக்கரத்துக்கு அடியில் சிக்குகிற ஆட்களாகப் பொம்மைகளைச் செய்யவைத்தார். திரையில் ஒன்பது நிமிடம். யாரோ செத்தார்கள் என்று இணையத்தில் இன்னும் சுற்றுகிறது, அது பொய். அவர் மகன் ஜோ தூக்கி எறியப்பட்ட அந்த ஒரு இடம்தான் திட்டத்தில் இல்லாதது, முகவாயில் சில தையலோடு முடிந்தது. இதே கதையை 1925இல் எடுத்தபோது குதிரைகள் பல செத்தன. அந்த இரண்டு படப்பிடிப்புக்கும் நடுவில் இந்தத் தொழில் என்ன கற்றுக்கொண்டது என்பதுதான் கனட்டின் வாழ்க்கை.

பொன்வண்டு எழுதியது:

ஆஸ்கர் ஏதாவது கொடுத்தார்களா அண்ணா?

மல்லிகா_வாசிப்பு எழுதியது:

கொடுத்தார்கள். 1967இல் நடந்த விழாவில் கௌரவ ஆஸ்கர், ஸ்டண்ட் சாதனைக்கும் ஸ்டண்ட்காரர்களைக் காக்கும் சாதனங்களை உருவாக்கியதற்கும் சேர்த்து. 1986இல் 90 வயதில் இறந்தார். ஸ்டண்டுக்கென்று தனி ஆஸ்கர் பிரிவு வைக்கப்போவதாக 2025இல்தான் அறிவித்தார்கள், 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து தொடங்குமாம்.

தென்றல்நகர் எழுதியது:

நேற்று இரவு அப்பாவை உட்காரவைத்து ஸ்டேஜ்கோச்சின் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். முதல்முறை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பப் போடு என்றார். வண்டி மேலே கடந்து போனதும் நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டு என்றார். புழுதிக்குள் அந்த ஆள் புரண்டு எழப் பார்க்கிறார் இல்லையா, அந்த இடத்தைக் காட்டி, "பொம்மை இல்லைன்னு தெரியணும்னு பண்றான்டா" என்றார். அப்புறம் முழங்காலைத் தடவிக்கொண்டே, இன்னொரு தடவை போடு என்றார்.